செனாவாங் ‘சனொவாங்’ ஆனது யார் தவறு?

ஆசிரியர்களே, மாணவர்களே, சொல்லட்டைகளை மொத்தமாகத் தயாரிக்க நம்மில் சிலர் பைத்தானில் சிறு நிரல் எழுதுகிறோம். படத்தின்மேல் எழுத்தைப் பதிக்கப் பயன்படுவது ‘பில்லோ’ என்ற லைப்ரரி. அதில் ‘செனாவாங்’ என்று கொடுத்துப் பாருங்க. சில கணினிகளில் சரியாக வரும்; சிலவற்றில் ‘சனொவாங்’ என்று வரும். உடனே எழுத்துருவைக் குறை சொல்வோம். பாவம், அதன்மேல் தவறில்லை.

யூனிகோடு ‘செ’யைச் சேமிக்கும் வரிசை: முதலில் ச, பிறகு ஒற்றைக்கொம்பு. திரையில் கொம்பு முன்னால் வர வேண்டும். இந்த இடமாற்றத்தைச் செய்வது ‘ஹார்ஃப்பஸ்’ லைப்ரரி. பில்லோவை அதனோடு இணைப்பது ‘ராக்ம்’. ராக்ம் இல்லாவிட்டால் சேமித்த வரிசையிலேயே குறிகள் அடுக்கப்படும். கொம்பு நகராமல் ‘ன’வுக்கு முன்னால் நிற்கும், ‘ன’வுக்குப் பின்னால் கால் இருக்கிறது. நம் கண் ‘னொ’ என்று படித்துவிடும்.

என் விமர்சனம் இங்கேதான். பில்லோவை மூலநிரலிலிருந்து கட்டும்போது, படத்தைச் சுருக்கும் ஜேபெக், ஸீலிப் லைப்ரரிகள் இயல்பாகவே கட்டாயம். அவை இல்லையென்றால் வேலை பிழையோடு நின்றுவிடும். ராக்ம் இல்லையென்றால் நிற்காது. முடிவில் வரும் பட்டியலில் ‘இல்லை’ என்று ஒரு வரி மட்டும். அதை யார் படிக்கிறோம்? படம் இல்லாமல் முடியாதாம், எழுத்து பிழையாக இருந்தால் பரவாயில்லையாம்!

நியாயமும் சொல்ல வேண்டும். ரோமன் எழுத்தில் மலாய், ஆங்கிலம் எழுதுவோருக்கு ராக்ம் இல்லாததால் பெரிய இழப்பில்லை. வழியும் வைத்திருக்கிறார்கள்: கட்டும் கட்டளையில் ‘ராக்ம்=எனேபிள்’ என்ற விருப்பத்தைச் சேர்த்தால், ராக்ம் கிடைக்காதபோது வேலை பிழையோடு நிற்கும். அந்தப் பிழைச் செய்தி நமக்கு நல்லது. தவறான அட்டை நூறு அச்சாவதற்கு முன்பே தெரிந்துவிடும் அல்லவா? விருப்பம் இருப்பது குறையல்ல; தமிழருக்குக் கட்டாயமானது விருப்பப் பட்டியலில் ஒதுங்கிக் கிடப்பதுதான் குறை.

ஆயத்தப் பொதியை நிறுவுவோரும் கவனிங்க. 8.2.0 பதிப்பு முதல் ராக்ம் அதனுள்ளேயே வருகிறது. ஆனால் ‘ஃப்ரிபிடி’ என்ற இன்னொரு லைப்ரரி கணினியில் இருந்தால்தான் அது இயங்கும். பில்லோவின் ‘ஃபீச்சர்ஸ்’ பகுதியில் ராக்ம் உண்டா என்று கேளுங்க. ‘ட்ரூ’ வந்தால் தொடங்கலாம்.

ஒன்றை மட்டும் செய்யாதீங்க: கொம்பை முன்னால் தட்டச்சு செய்து படத்தைச் சரிக்கட்டுவது. அட்டை சரியாகத் தெரியும். சேமித்த சொல் கெட்டுவிடும், பிறகு தேடினாலும் கிடைக்காது.

கணினி அறிவியல் மாணவர்களே, கட்டாயச் சார்பு, விருப்பச் சார்பு என்ற பாடத்துக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டாம். ஆசிரியர்களே, அச்சுக்கு அனுப்புமுன் ‘செனாவாங்’ என்ற ஒரு சொல்லைப் பதித்துப் பாருங்க. முதலாம் ஆண்டுப் பிள்ளைக்கு அட்டையில் இருப்பதுதான் சரி. தவறு என்று சொல்ல அதற்குத் தெரியாது.