மான்செஸ்டர் வரை உங்கள் பாடு

பிரிட்டனில் கப்பல் சுற்றுலா விற்கிற விளம்பரங்களில் மேலே பெரிய எழுத்தில் விலை இருக்கும். நடுவில் நீலக் கடல், வெள்ளைக் கப்பல். அடியில், கண்ணாடி போட்டால்தான் தெரிகிற எழுத்தில் இன்னொரு விஷயம் இருக்கும். பிராந்திய விமான நிலையங்களிலிருந்தும் புறப்படலாம், ஆனால் குறிப்பிட்ட தேதிகளில் மட்டும், கட்டணம் மாறலாம். இந்தக் குறிப்பு அந்த அடி எழுத்தைப் பற்றியது.

என் வாதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லண்டனுக்கு வெளியே உள்ள ஊர்களிலிருந்து இந்தக் கப்பல்களுக்கு விமானம் குறைவாக இருப்பதற்கு நியாயமான காரணம் உண்டு. ஒரு தாளில் கணக்குப் போட்டாலே அது புரிந்துவிடும். அதற்காக யாரையும் திட்ட முடியாது. ஆனால் அந்தக் குறைவை வாங்குபவரிடம் எப்படிக் காட்டுகிறார்கள், அதனால் வருகிற ஆபத்தை யார் தலையில் கட்டுகிறார்கள் என்று பார்த்தால், அங்கே திட்டுவதற்கு நிறைய இருக்கிறது.

இரண்டு வகைக் கப்பல் பயணம்

பிரிட்டிஷ்காரர் கப்பல் சுற்றுலா போக இரண்டு வழி. முதல் வழி, உள்ளூர்த் துறைமுகத்திலேயே ஏறுவது. பெரும்பாலும் சவுத்தாம்ப்டன். அங்கே கப்பல் பயணிகளுக்கென்றே ஐந்து முனையங்கள் இருக்கின்றன. ஆனால் அங்கிருந்து பிஸ்கே விரிகுடாவைத் தாண்டி மத்தியதரைக் கடலுக்குள் நுழையவே இரண்டு மூன்று நாள் ஆகிவிடும். ஒரு வார விடுமுறையில் அது கட்டுப்படியாகாது.

இரண்டாவது வழி, வெயில் இருக்கிற இடத்துக்கு விமானத்தில் போய் அங்கே கப்பல் ஏறுவது. மயோர்கா தீவின் பால்மா, மால்டாவின் வலெட்டா, குளிர்காலத்தில் பார்படாஸ். விமானம், விமான நிலையத்திலிருந்து கப்பலுக்குப் பஸ், கப்பல் அறை எல்லாம் ஒரே விலையில். டூயி நிறுவனத்தின் மரெல்லா கப்பல்கள் முக்கியமாக இந்த முறையில்தான் ஓடுகின்றன. 2017 வரை அதன் பெயர் தாம்சன் க்ரூஸஸ். பி அண்ட் ஓ நிறுவனமும் சவுத்தாம்ப்டன் பயணங்களோடு சேர்த்து இதையும் செய்கிறது.

இந்த இரண்டாவது வகையில், பயணம் எந்த ஊரில் தொடங்குகிறது என்பது சின்ன விஷயமே இல்லை. இதை வாங்குகிறவர்களில் ஓய்வு பெற்றவர்கள் நிறையப் பேர். வீட்டிலிருந்து அரை மணி நேரத்தில் விமான நிலையம் என்பது அவர்களுக்கு வசதி மட்டும் கிடையாது. பல பேருக்குப் போக முடியுமா முடியாதா என்பதே அதைப் பொறுத்ததுதான்.

கணக்கு

மரெல்லா டிஸ்கவரி கப்பலில் சுமார் 1,800 பயணிகள். இந்த மாதிரி விடுமுறைப் பயணங்களில் அதிகம் பயன்படுகிற போயிங் 737-800 விமானத்தில் 189 இருக்கை. அப்படியென்றால் ஒரு கப்பலை நிரப்பப் பத்து விமானம் போதும். நாடு முழுக்கச் சேர்த்துப் பத்தே பத்து. ஊருக்கு ஒன்று என்று பிரித்துக் கொடுத்தாலும் பத்து ஊருக்கு மேல் போகாது. மான்செஸ்டரும் கேட்விக்கும் ஆளுக்கு இரண்டு மூன்று எடுத்துக்கொண்டால் மீதி ஊர்களுக்கு நாலோ ஐந்தோதான் மிஞ்சும்.

இன்னொரு பக்கத்திலிருந்து பாருங்க. ஒரு சின்ன ஊரும் அதன் சுற்றுவட்டாரமும் கப்பல் பயணிகளில் நூற்றுக்கு ஐந்து பேரைத் தருகின்றன என்று வைத்துக்கொள்வோம். 90 பேர். அரை விமானம். அரை விமானம் பறக்காது. கல்யாணத்துக்கு வேன் பிடித்தவர்களுக்கு இது தெரியும். 12 பேர் வேனுக்கு ஏழு பேர்தான் தேறினால், அவர்களைப் பக்கத்துத் தெருவுக்கு வரச் சொல்லி இன்னொரு வேனில் ஏற்றிவிடுவோம் இல்லையா? அதையேதான் இவர்களும் செய்கிறார்கள்.

அரை விமானத்தை முழுசாக்க ஒரு வழி உண்டு. கப்பலுக்குப் போகிறவர்களோடு ஹோட்டலுக்குப் போகிறவர்களையும் சேர்த்து ஏற்றுவது. கோடையில் மயோர்காவுக்குப் போகிற பிரிட்டிஷ் கூட்டம் பெரியது. அதனால் பால்மாவில் தொடங்கும் கப்பல்களுக்கு நிறைய ஊர்களிலிருந்து விமானம் கிடைக்கிறது. அந்த விமானம் எப்படியும் போகப் போகிறது, கப்பல் பயணிகள் அதில் ஒட்டிக்கொள்கிறார்கள்.

பார்படாஸ் கதை வேறு. அட்லாண்டிக்கைத் தாண்டப் பெரிய விமானம் வேண்டும். டூயியின் போயிங் 787-8 ஒன்றில் ஏறக்குறைய 300 இருக்கை. கப்பல் அதே அளவுதான், ஆனால் ஒவ்வொரு ஊரும் நிரப்ப வேண்டிய வேன் பெரிசாகிவிட்டது. ஆறு விமானத்தில் கப்பல் நிரம்பிவிடும். அதனால் கரீபியன் என்றாலே கேட்விக், மான்செஸ்டர், பர்மிங்காம் என்று பெரிய பெயர்களாக வருகின்றன.

ஓடுபாதையா, வரியா?

இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் இரண்டு மருந்து சொல்லப்படும். ஓடுபாதையை நீட்டு, அல்லது வரியைக் குறை. இரண்டையும் செய்து பார்த்திருக்கிறார்கள்.

பர்மிங்காம் 2014இல் தன் ஓடுபாதையை 3,052 மீட்டருக்கு நீட்டியது. சுற்றிலும் பெரிய மக்கள்தொகை, அதனால் அதற்குப் பயன் இருந்தது. டான்காஸ்டர் ஷெஃபீல்டைப் பாருங்க. பழைய விமானப் படைத் தளம், கிட்டத்தட்ட 2,900 மீட்டர் ஓடுபாதை. டூயி அங்கிருந்து பறந்துகொண்டிருந்தது. அப்படியும் கட்டுப்படியாகவில்லை என்று உரிமையாளர்கள் 2022 நவம்பரில் மூடிவிட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், கப்பல்களின் தலைநகரமான சவுத்தாம்ப்டனின் சொந்த விமான நிலையத்தில் ஓடுபாதை 1,723 மீட்டர்தான் இருந்தது. 2023இல் 164 மீட்டர் நீட்டினார்கள்.

வரிக்கு உதாரணம் பெல்ஃபாஸ்ட். வட அயர்லாந்திலிருந்து நேரடியாகப் போகும் நீண்டதூர விமானங்களுக்கான பயணி வரியை 2013 ஜனவரியில் பூஜ்யமாக்கினார்கள். பெல்ஃபாஸ்ட்டிலிருந்து அமெரிக்காவின் நெவார்க்குக்குப் போய்க்கொண்டிருந்த விமானத்தைத் தக்கவைப்பதுதான் நோக்கம். 2017 ஜனவரியில் யுனைடெட் அதை நிறுத்திவிட்டது.

நீளமான பாதையும் குறைந்த வரியும் வேண்டியவைதான். ஆனால் இருக்கை நிரம்புமா என்ற கேள்விக்குப் பிறகுதான் அவை. இதுவரை சொன்னதில் நிறுவனங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது.

எண் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு டிக்

இனி விமர்சனம். விளம்பரத்தில் விமான நிலையங்களை எப்படிப் போடுகிறார்கள்? வரிசையாகப் பெயர்கள். கேட்விக், மான்செஸ்டர், பர்மிங்காம், பிரிஸ்டல், நியூகாஸில், கிளாஸ்கோ. எல்லாம் ஒரே எழுத்தளவு. இதில் ஒரு ஊரிலிருந்து வாரா வாரம் விமானம் இருக்கலாம், இன்னொரு ஊரிலிருந்து ஒரு பருவத்துக்கே இரண்டு தேதி மட்டும் இருக்கலாம். பட்டியலில் இரண்டுக்கும் ஒரே மதிப்பு. டேட்டாபேஸ் பாஷையில் சொன்னால், எண் வர வேண்டிய புலத்தில் 'ஆம்/இல்லை' போட்டு வைத்திருக்கிறார்கள். இரண்டும் 'ஆம்'. பொய் கிடையாது. ஆனால் படிக்கிறவர் மனதில் பதிகிற படம் தப்பு.

அந்த எண் நிறுவனத்திடம் இல்லாததா என்றால், கட்டாயம் இருக்கும். முன்பதிவு செய்யும் கணினி அதை வைத்துத்தான் ஓடுகிறது. கப்பல், தேதி, விமான நிலையம், மீதி இருக்கை எல்லாம் அதற்குத் தெரியும். பக்கத்தில் ஒரு இலக்கத்தை அச்சிட ஒரு நாள் வேலை கூட இல்லை.

விலையும் இதே மாதிரிதான். 'இத்தனை பவுண்டிலிருந்து' என்ற விலை ஏதோ ஒரு தேதிக்கு, ஏதோ ஒரு விமான நிலையத்துக்கு உரியது. நியூகாஸில்காரர் அந்த விலையைப் பார்த்துத்தான் உள்ளே வருகிறார். தன் ஊரை அழுத்தியதும் விலை ஏறுகிறது, அல்லது தேதி காணாமல் போகிறது. அதற்குள் அவர் மனதளவில் பாதி வழி போய்விட்டார். சரி, மான்செஸ்டருக்கே போய்விடலாம் என்கிறார்.

மான்செஸ்டருக்குப் போகிற வழியில்

எனக்குப் பெரிய ஆட்சேபம் இந்த இடத்தில்தான். பிரிட்டனில் விமானம், கப்பல் எல்லாம் சேர்த்து ஒரே தொகுப்பாக வாங்கினால் நல்ல சட்டப் பாதுகாப்பு உண்டு. 2018ஆம் ஆண்டின் தொகுப்புப் பயண விதிகளின்படி, தொகுப்பில் உள்ள ஒவ்வொரு சேவைக்கும் அதை ஏற்பாடு செய்தவரே பொறுப்பு. தொகுப்புக்குள் இருக்கிற விமானம் தாமதமாகி நீங்கள் கப்பலைத் தவறவிட்டால், உங்களைக் கப்பலில் சேர்ப்பது அவர்கள் பிரச்சினை. நிறுவனமே திவாலானால் 'ஏட்டால்' என்ற பாதுகாப்புத் திட்டம் இருக்கிறது. 2019 செப்டம்பரில் தாமஸ் குக் விழுந்தபோது வெளிநாடுகளில் மாட்டிக்கொண்ட ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை அரசுத் தரப்பு ஊருக்குக் கொண்டுவந்து சேர்த்தது.

இப்போது இன்வர்னெஸில் இருக்கிற ஒரு வயதான தம்பதியை நினைத்துக்கொள்ளுங்கள். அவர்களுக்குப் பிடித்த தேதியில் ஸ்காட்லாந்திலிருந்து விமானம் இல்லை, மான்செஸ்டர்தான். சாலை வழியாகச் சுமார் 600 கிலோமீட்டர். உள்நாட்டு விமானமோ ரயிலோ அவர்களே தனியாக டிக்கெட் எடுக்கிறார்கள். அந்த டிக்கெட் தொகுப்பில் சேராது. ஆகவே அந்த 600 கிலோமீட்டருக்கு மேலே சொன்ன சட்டம் எதுவும் உதவிக்கு வராது.

உள்நாட்டு விமானம் இரண்டரை மணி நேரம் தாமதம் என்று வைத்துக்கொள்வோம். பிரிட்டனின் விமானப் பயணி இழப்பீட்டு விதியில் மூன்று மணி நேரத் தாமதத்துக்குத்தான் பணம், 1,500 கிலோமீட்டருக்குக் குறைந்த பயணத்துக்கு ஆளுக்கு 220 பவுண்டு. இரண்டரை மணிக்கு ஒன்றும் கிடையாது. பனிமூட்டம், பனிப்பொழிவு காரணம் என்றால் மூன்று மணி தாண்டினாலும் கிடையாது. அப்படியே 220 வந்தாலும், தவறிப்போனது இரண்டு பேரின் முழு விடுமுறை. பயணக் காப்பீடு இருக்கிறதே என்றால், போதுமான நேரம் விட்டுக் கிளம்பினீர்களா என்று அவர்கள் கேட்பார்கள். அதனால் விவரம் தெரிந்தவர்கள் முந்தின நாளே போய் ஹோட்டலில் தங்குகிறார்கள். அந்த வாடகையும் விளம்பர விலையில் வராது.

இந்த இணைப்புப் பயணமே முன்பைவிடக் கஷ்டமாகிவிட்டது. பிரிட்டனின் சின்ன ஊர்களை ஒன்றோடு ஒன்று இணைத்துக்கொண்டிருந்த ஃப்ளைபி 2020 மார்ச்சில் மூடப்பட்டது. அது விட்டுப்போன தடங்கள் சிலவற்றை மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள், எல்லாவற்றையும் இல்லை.

ஆக, அரை விமானத்தை ஓட்டாமல் நிறுவனம் மிச்சம் பிடிக்கிறது. அந்த மிச்சத்தால் கேட்விக் பக்கத்தில் இருப்பவருக்கு விலை குறைகிறது. அதற்கான ஹோட்டல் வாடகை, ரயில் கட்டணம், கப்பல் தவறினால் வருகிற முழு நஷ்டம் எல்லாம் தூரத்து ஊர்க்காரர் கணக்கில் ஏறுகின்றன.

எதிர்வாதம்

'எல்லா ஊரிலிருந்தும் விமானம் விட்டால் எல்லாருக்கும் விலை ஏறும். பிடிக்காவிட்டால் வாங்க வேண்டாமே' என்பார்கள். முதல் பாதியை ஒப்புக்கொள்கிறேன். நான் கூடுதல் விமானம் கேட்கவில்லை.

இந்தப் பிரச்சினையை வேறு விதமாக அணுகுகிறவர்களும் இருக்கிறார்கள். ஃப்ரெட் ஓல்சன் நிறுவனம் கப்பலையே ஊர் பக்கம் கொண்டுவருகிறது. நியூகாஸில், லிவர்பூல், எடின்பரோ அருகே ரொசைத் என்று பல துறைமுகங்களிலிருந்து புறப்படுகிறார்கள். கப்பல்கள் சின்னவை, 1,300, 1,400 பேர்தான். வெயிலை எட்ட நாள் அதிகம் பிடிக்கும். அது எல்லாருக்கும் சரிப்படாது, ஆனால் ஆட்களை ஒரே இடத்துக்கு வரவழைப்பது மட்டும்தான் வழி என்கிற பேச்சு அதற்கு முன்னால் நிற்காது.

நான் கேட்பது மூன்று. ஒவ்வொரு விமான நிலையத்தின் பெயருக்குப் பக்கத்திலும் அந்தப் பருவத்தில் எத்தனை புறப்பாடு என்ற எண்ணைப் போடுங்கள். 'இத்தனை பவுண்டிலிருந்து' என்ற விலையை ஊர்வாரியாகக் கொடுங்கள். மூன்றாவதுதான் முக்கியம். உள்ளூரிலிருந்து பெரிய விமான நிலையம் வரைக்குமான பயணத்தையும், பஸ்ஸோ விமானமோ, தொகுப்புக்குள்ளேயே விற்றுவிடுங்கள். காசு வாங்கிக்கொள்ளுங்கள், பொறுப்பையும் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள். இது நடக்காத காரியம் இல்லை. வட ஊர்களிலிருந்து சவுத்தாம்ப்டன் துறைமுகத்துக்குக் கப்பல் பயணிகளை ஏற்றிப்போகும் கோச் பஸ்கள் பல வருஷமாக ஓடுகின்றன. துறைமுகத்துக்குச் செய்ததை விமான நிலையத்துக்கும் செய்யலாம்.

அதுவரை வாங்குகிறவர்தான் கேட்டுக்கொள்ள வேண்டும். முன்பணம் கட்டுவதற்கு முன்னால் இரண்டு கேள்வி போதும். என் ஊரிலிருந்து எந்தெந்தத் தேதிகளில் விமானம் இருக்கிறது? வேறு ஊருக்குத்தான் போக வேண்டும் என்றால், அங்கே போய்ச் சேருவது உங்கள் பொறுப்பா, என் பொறுப்பா? இரண்டாவது கேள்விக்கான பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.