பெயரன் கப்பல்

ஆலைச் சங்கு ஒலிக்கிறது. ஓசூர்த் தொழிற்பேட்டையிலிருந்து சீருடை அணிந்த இளைஞர் கூட்டம் வெளிவருகிறது. சிலர் கிருட்டினகிரிச் சாலையில் திரும்புவர். சிலர் ஜூஜூவாடி கடந்து அத்திப்பள்ளிப் பக்கம் செல்வர். எல்லைக்கு அப்பாலுள்ள மாநிலத்தை அவர்தம் பாட்டனார் மைசூர் என்றே அழைத்தார். 1973 நவம்பர் 1 முதல் அது கருநாடகம்.

நிலத்தில் மாறிய அப்பெயர் நீரில் மாறவில்லை! 1957-இல் இந்தியக் கடற்படையில் சேர்ந்த ‘மைசூர்’ 1985-இல் ஓய்வு பெற்றது. 1999-இல் அதே பெயரோடு புதிய நாசகாரிக் கப்பல் ஒன்று வந்து சேர்ந்தது. மாநிலம் களைந்த பெயரை மரக்கலம் சூடிக்கொண்டது. டெல்லி, விக்ராந்த், குக்ரி, நீலகிரி என்று இவ்வாறு மீண்டும் மீண்டும் சூட்டப்பெற்ற பெயர்கள் பலப்பல.

இது தவறா? அல்ல. பாட்டன் பெயரைத் தாங்குபவன் பெயரன், பெயரனே பேரன். நம் வீடுகளிலும் உள்ள வழக்கந்தான். ஆனால், பெயரோடு பாட்டனின் ஆற்றலும் பேரனுள் இறங்கிவிட்டது என்று ஒருவர் கூறினால் நகைக்கமாட்டோமா? கப்பலைப் பற்றி மட்டும் அப்படிப் பேசுகிறார்கள். பழைய கப்பல் மறுபிறவி எடுத்துவிட்டதாம்! மனிதனுக்கே மெய்ப்பிக்க இயலாத மறுபிறவியை இரும்புக்கு வழங்குவது எவ்வளவு தாராளம்!

வரலாற்றைப் புரட்டிப் பார்ப்போம். 1948-இல் ‘டெல்லி’ என்று பெயர் பெற்ற கப்பல், அதற்கு முன் ‘அக்கிலிஸ்’. 1939 டிசம்பரில் தென் அமெரிக்காவின் பிளேட் ஆற்று முகத்துவாரத்தருகே செருமனியின் ‘கிராஃப் ஸ்பே’யை எதிர்த்த மூன்று கப்பல்களுள் ஒன்று. முதல் ‘மைசூர்’, பிரிட்டனின் ‘நைஜீரியா’. முதல் ‘விக்ராந்த்’, ‘எர்க்குலிஸ்’ என்ற பெயரோடு 1945-இல் நீரில் இறங்கியது. வீரம் பெயரில் உறைவது உண்மையாயின், அக்கிலிஸ் என்ற பெயரை அழித்த அன்றே அந்த வீரமும் அழிந்ததா? வீரம் இரும்பில் உறைவது உண்மையாயின், புதிய இரும்பில் கட்டி 1997-இல் பணியில் சேர்ந்த இரண்டாம் ‘டெல்லி’க்கு அது எவ்வழி வந்தது? இரண்டிலும் இல்லை, தோழர்களே! பீரங்கியருகே நின்ற மனிதரிடம் இருந்தது. கொதிகலன் அறையில் வெந்த மனிதரிடம் இருந்தது.

முதல் விக்ராந்த் 1961 முதல் 1997 வரை பணிபுரிந்தது. 1971 போரில் வங்கக் கடலில் அதன் வானூர்திகள் பறந்தன. ஓய்வுக்குப் பின் சில காலம் பம்பாயில் அருங்காட்சியகமாக நின்றது. 2014-இல்? ஏலம்! உடைத்த இரும்பில் ஒரு பகுதி 2016-இல் மோட்டார் சைக்கிளாக விற்பனைக்கு வந்தது. 2022 செப்டம்பர் 2-இல், கொச்சியில் கட்டிய புதிய கப்பலை அதே பெயரோடு விழா எடுத்துப் பணியில் சேர்த்தனர். பெயருக்கு மாலை, பொருளுக்கு ஏலம்! உடலைக் காக்கச் செலவாகும். பெயரைக் காக்கச் செலவில்லை. மரபைப் போற்றுவோர் இந்த வேறுபாட்டையும் நினைவிற் கொள்வார்களாக.

எனினும் ஓரிடத்தில் நான் தலைவணங்குகிறேன். 1971 டிசம்பர் 9 இரவு, தியூ அருகே, பாகிஸ்தான் நீர்மூழ்கி ‘ஹங்கோர்’ தாக்கி ‘குக்ரி’ மூழ்கியது. 18 அதிகாரிகள், 176 மாலுமிகள் மாண்டனர். தளபதி மகேந்திரநாத் முல்லா கப்பலை விட்டு அகலவில்லை. 1989-இல் அப்பெயர் தாங்கிய வேறொரு கப்பல் பணியில் சேர்ந்தது. அக்கப்பலும் 2021-இல் ஓய்வு பெற்று, நினைவுச் சின்னமாகத் தியூவுக்கே அனுப்பப்பட்டது. இங்கே பெயர், புகழைக் கடன் வாங்கவில்லை, கடனை நினைவூட்டுகிறது. 194 உயிர்களை மறவாதே என்று வாழ்வோருக்குக் கட்டளையிடுகிறது. பெயரை மீண்டும் சூட்டுவதற்கு இதைவிடத் தக்க காரணம் வேறென்ன வேண்டும்?

ஆகவே வழக்கத்தை ஒழிக்கச் சொல்லவில்லை. அதற்கு ஓர் உரைகல் கேட்கிறேன். பழைய பெயரைச் சூட்டும்போது, அப்பெயரில் மாண்டவர் யார் என்று சொல்லுங்கள். அப்பெயருக்கு முன் அந்த இரும்பு தாங்கிய பெயர் எது என்று சொல்லுங்கள். கட்டிய கரங்கள் எவருடையவை என்று சொல்லுங்கள். சொல்ல முடிந்தால் அது நினைவு; முடியாவிட்டால் வெறும் பட்டயம்.

ஓசூரில் கடைசல் எந்திரத்தின் முன் நிற்கும் தம்பிக்கு இது எளிதில் விளங்கும். கடைந்த உருளையை மைக்ரோமீட்டரில் வைக்கிறான். அளவு தவறினால் ஒதுக்கப்படுகிறது. அந்த உருளையின்மேல் பாட்டன் பெயரைப் பொறித்து நீட்டினால் மைக்ரோமீட்டர் இரக்கம் காட்டுமா? கடலும் காட்டாது. அலை, பெயரைப் படிப்பதில்லை. பற்றவைப்பின் உறுதியைத்தான் சோதிக்கிறது.

பெயரைப் பாட்டன் தரலாம். பெருமையைப் பேரன்தான் தேட வேண்டும்.