விலையில்லாப் பாட்டின் விலை

கீத் கிரீனின் (1953–1982) பாட்டுகளை வெறும் பக்திச் சரக்கு என்று ஒதுக்கிவிடுவது சுலபம். அமெரிக்கக் கிறிஸ்தவ இசை ஒரு சந்தையாகத் திரண்டபோது உள்ளிருந்தே அதை மறுத்தவர் அவர். ஸ்பேரோ கம்பெனியை விட்டு வெளியேறி, வீட்டை அடமானம் வைத்து, 1980இல் சொந்தமாக இசைத்தட்டுப் போட்டார். முடிஞ்சதைக் கொடு, இல்லேன்னா சும்மா எடுத்துக்கோ என்பதே ஏற்பாடு. 1982க்குள் இரண்டு லட்சத்துக்கும் மேல் போயிற்று. அதில் 61,000 இலவசம்.

பணம் எழுந்துபோன இடத்தில் எது வந்து உட்கார்ந்தது என்பதுதான் என் கேள்வி. காசு கொடுத்தவன் பிடிக்கலேன்னா தூக்கிப்போடலாம். சும்மா வாங்கியவனுக்கு அந்தச் சுதந்திரம் உண்டா? இந்தப் பாட்டுகள் கேட்பவனைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தி முழுச் சரணாகதியைக் கேட்கின்றன. கடன் தீர்வதேயில்லை. கத்தோலிக்கத்தைச் சாடித் துண்டுப் பிரசுரம் எழுதியதும் இதே கைதான். சந்தையை மறுப்பவர் அதிகாரத்தையும் மறுத்துவிடுவார் என்று நாம் நம்பிக்கொள்கிறோம். கிரீன் அந்த நம்பிக்கையைக் குலைக்கிறார்.

28 வயதில் விமான விபத்தில் இறந்த இந்த மனிதர் தன்னையும் அதே கூண்டில் ஏற்றிக்கொண்டவர். அந்த நேர்மையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். 'விலை' போடாமல் 'நன்கொடை' என்று அச்சடிக்கிற நாம், வாசகனிடம் பதிலுக்கு என்ன கேட்கிறோம்? விவாதத்தையா, சம்மதத்தையா?