டோக்கியோவைக் கழுவுகிறவர்

ஜப்பான் போய்விட்டு வந்தவரிடம் எப்போதாவது மாட்டியிருக்கிறீர்களா? நாலு நாள் டோக்கியோ, ரெண்டு நாள் கியோட்டோ, அரை நாள் ஒசாகா. அவ்வளவுதான் போயிருப்பார். ஆனால், ஒரு மாசத்துக்கு நம்மை விடமாட்டார். ரயில் டாண் என்று வருமாம். பெட்டிக்குள் ஒரு பயல் செல்போனில் பேசமாட்டானாம். எஸ்கலேட்டரில் டோக்கியோக்காரர்கள் இடது பக்கம் ஒதுங்கி நிற்பார்களாம், ஒசாகாக்காரர்கள் வலது பக்கமாம். ஓட்டலில் டிப்ஸ் வாங்கமாட்டார்களாம். தொலைத்த பர்ஸ் போலீஸ் பூத்தில் பத்திரமாக இருந்ததாம். தெருவில் குப்பைத்தொட்டியே கிடையாதாம், ஆனாலும் குப்பை இல்லையாம். கடைசியில் கழிப்பறைக்கு வந்து சேர்வார். பட்டனைத் தட்டினால் வெந்நீர், உட்கார்ந்தால் இதமான சூடு... அதற்குள் நீங்கள் ஏதாவது வேலை இருப்பதாகச் சொல்லி நழுவியிருப்பீர்கள்.

இதில் எதுவும் பொய் இல்லை. 2024-ல் மட்டும் 3 கோடியே 68 லட்சம் வெளிநாட்டுக்காரர்கள் ஜப்பானுக்குப் போனார்கள். முக்கால்வாசிப் பேர் இதைத்தான் சொல்லியிருப்பார்கள். என் பிரச்னை வேறு. நான் பி.காம். படித்தவன். வரவுப் பக்கம் மட்டும் எழுதின பேரேட்டைப் பார்த்தால் கை பரபரக்கும். இத்தனை ஒழுங்குக்கு எங்கேயோ ஒரு செலவு இருக்கவேண்டுமே, அது யார் கணக்கில் எழுதப்பட்டிருக்கிறது?

குப்பைத்தொட்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். 'ஆஹா, என்ன பண்பாடு!' என்று நம்மவர் உருகுகிறார். 1995 மார்ச்சில் ஓம் ஷின்ரிக்கியோ என்கிற கும்பல் டோக்கியோ சுரங்க ரயிலில் ஸாரின் விஷவாயுவைப் பரப்பியது. ரயில் நிலையங்களிலும் பொது இடங்களிலும் ஏராளமான தொட்டிகள் காணாமல் போனது அதற்கப்புறம்தான். குப்பையைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோகிற பழக்கம் நிஜம். தொட்டி போன காரணம் பயம்.

ரயில் விஷயம் இன்னும் கனமானது. 2017 நவம்பரில் சுகுபா எக்ஸ்பிரஸ் வண்டி ஒன்று 20 விநாடி முன்னதாகக் கிளம்பிவிட்டது. அதற்குக் கம்பெனி மன்னிப்புக் கேட்டது. உலகமே சிரித்து, சிலாகித்துப் பகிர்ந்துகொண்ட செய்தி. சரி, அதே மாதிரி ஒரு சில விநாடிகளின் இன்னொரு கதை. 2005 ஏப்ரல் 25. ஒசாகாவுக்குப் பக்கத்தில் அமாகசாக்கி. ஓட்டுநருக்கு வயசு 23. முந்தின ஸ்டேஷனில் பிளாட்பாரத்தைத் தாண்டி வண்டியை நிறுத்தியதில் ஒன்றரை நிமிஷம்போலத் தாமதம். 70 கிலோமீட்டர் வேகத்தில் திரும்பவேண்டிய வளைவில் 116-ல் போனார். வண்டி தடம் புரண்டு அடுக்குமாடிக் குடியிருப்பில் மோதியது. ஓட்டுநரையும் சேர்த்து 107 பேர் செத்துப்போனார்கள். தாமதம் செய்கிற ஓட்டுநர்களுக்கு அந்த ரயில்வேயில் அப்போது 'மறுபயிற்சி' என்று ஒன்று இருந்தது. புல் பிடுங்கு, பக்கம் பக்கமாக மன்னிப்பு எழுது, எல்லார் முன்னாலும் திட்டு வாங்கு. அந்தப் பயம் பையனின் கவனத்தைத் தின்றிருக்கலாம் என்றுதான் விசாரணை அறிக்கையும் சொன்னது. ரயில் டாண் என்று வருவதைப் பற்றிப் பேசுகிறவர்கள் அமாகசாக்கி பற்றிப் பேசி நான் கேட்டதில்லை.

சூட்கேஸோடு போகிறவர்களை விடுங்கள். காமிராவோடு போனவர்களும் அப்படித்தான். எம்.ஜி.ஆர். 'உலகம் சுற்றும் வாலிப'னுக்காக 1970-ல் ஜப்பான் போனபோது ஒசாகா எக்ஸ்போவைப் படம் பிடித்தார். 1985-ல் கமல் 'ஜப்பானில் கல்யாணராம'னுக்காகப் போனதும் ஒரு எக்ஸ்போவுக்குத்தான், சுகுபாவுக்கு. பார்க்கப் பிரமாதமாக இருந்தது, சந்தேகமே இல்லை. ஆனால் எக்ஸ்போ என்பதே விருந்தாளிக்குக் காட்டுவதற்காக ஒரு நாடு துடைத்து வைக்கிற வரவேற்பறை. அடுக்களைப் பக்கம் யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

ஹாலிவுட் என்ன வாழ்ந்தது? சோஃபியா கொப்போலாவின் 'லாஸ்ட் இன் ட்ரான்ஸ்லேஷன்' (2003) டோக்கியோவின் ஒரு பெரிய ஓட்டல் ஜன்னலை விட்டு மனசால் இறங்கவே இல்லை. விஸ்கி விளம்பர ஷூட்டிங்கில் ஜப்பானிய டைரக்டர் ரெண்டு நிமிஷம் மூச்சு விடாமல் ஏதோ சொல்வார். மொழிபெயர்க்கிற பெண் அதை ஒரே வரியில் முடிப்பார். பில் மர்ரி முழிப்பார். தியேட்டரே சிரிக்கும். அந்த டைரக்டர் என்னதான் சொன்னார்? படத்தில் சப்டைட்டில் கிடையாது. தெரியவேண்டாம் என்பதுதான் ஜோக். ரெண்டு வெளிநாட்டுக்காரர்களின் தனிமையை அழகாகச் சொன்ன படம் என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஊர்க்காரர்கள் அதில் வால்பேப்பர்.

ஜப்பானிய நகரத்துக்குப் போன பயணிகளைப் பற்றி நான் பார்த்ததிலேயே உசத்தியான படத்தில் பயணிகள் ஜப்பானியர்களே. யசுஜிரோ ஓசுவின் 'டோக்கியோ ஸ்டோரி' (1953). ஓனோமிச்சி என்கிற கடலோர ஊரிலிருந்து ஒரு கிழவரும் கிழவியும் பிள்ளைகளைப் பார்க்க டோக்கியோ வருகிறார்கள். மகன் டாக்டர், நேரமில்லை. மகள் பியூட்டி பார்லர், அவருக்கும் நேரமில்லை. போரில் மகனைப் பறிகொடுத்த வீட்டின் மருமகள் நோரிகோதான் ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டு இவர்களை டூரிஸ்ட் பஸ்ஸில் ஏற்றி ஊர் காட்டுகிறாள். பஸ் குலுங்க, பயணிகள் தலை எல்லாம் ஒரே திசையில் ஆடும். பிறகு ஓர் உயரத்தில் நின்று, அந்தப் பக்கம் உங்கள் மகன் வீடு, இந்தப் பக்கம் மகள் வீடு என்று கை காட்டுவாள். டோக்கியோ என்றால் அந்தத் தாய்க்கு அவ்வளவுதான், தன்னை வைத்துக்கொள்ள இடமில்லாத ரெண்டு வீடு. இந்த ஊரின் வேகத்துக்கு யார் விலை கொடுத்தார்கள் என்பது ஓசுவுக்குத் தெரிந்திருக்கிறது. ஒருத்தரையும் வில்லனாக்காமல் சொல்கிறார்.

ஜெர்மன் டைரக்டர் விம் வெண்டர்ஸ், ஓசு காட்டிய டோக்கியோவைத் தேடி 1983-ல் போனார். கிடைத்தது பச்சிங்கோ சூதாட்டக் கடைகளும் மெழுகில் செய்த ஓட்டல் பதார்த்தங்களும். அதையே 'டோக்கியோ-கா' என்று ஆவணப்படமாக்கினார். நாற்பது வருஷம் கழித்து மறுபடி போய் எடுத்ததுதான் 'பெர்ஃபெக்ட் டேஸ்' (2023). கதாநாயகன் ஷிபுயாவின் பொதுக் கழிப்பறைகளைக் கழுவுகிறவர். பெயர் ஹிராயாமா. ஓசுவின் கிழத்தம்பதியின் குடும்பப் பெயரும் அதேதான்.

நம் ஜப்பான் ரிடர்ன் நண்பர் புகழ்ந்த கழிப்பறையின் மறுபக்கம் கடைசியில் திரைக்கு வந்தது. கோஜி யாகுஷோ கண்ணாடியைக் கீழே பிடித்து, கண்ணுக்குத் தெரியாத விளிம்பையும் தேய்ப்பார். ஓர் இடத்தில் தொலைந்துபோன சிறுவனைக் கைப்பிடித்து அழைத்து வருவார். அம்மா ஓடிவந்து முதல் காரியமாகப் பையன் கையை ஈரத்தாளால் துடைப்பாள். ஹிராயாமாவுக்கு ஒரு தேங்க்ஸ் கிடையாது. சுத்தத்துக்குப் பேர்போன ஊரில் சுத்தம் செய்கிறவன் கை அசுத்தம்! இதைப் புரிந்துகொள்ள நமக்கு சப்டைட்டில் தேவையில்லை.

ஆனாலும் வெண்டர்ஸும் ஒரு விருந்தாளிதான். அவர் காட்டுகிற கழிப்பறைகள் பெரிய பெரிய ஆர்க்கிடெக்டுகள் கட்டியவை. ஒன்றில் தாழ் போட்டால் கண்ணாடிச் சுவர் மறைப்பாக மாறும். அந்தக் கழிப்பறைத் திட்டத்துக்குப் பின்னால் இருந்த கோஜி யானாய்தான் படத் தயாரிப்பாளர்களில் ஒருவர். முதலில் யோசித்ததே அந்தக் கழிப்பறைகளைப் பற்றிய குறும்படங்கள்தான். அதனாலோ என்னவோ, ரெண்டு மணி நேரத்தில் முகம் சுளிக்கவைக்கிற ஒரு கழிப்பறைகூட வரவில்லை. கழுவுகிறவருக்கோ மர நிழல், பழைய கேசட், புத்தகம் எல்லாமே ஆனந்தம். அவர் சம்பளம் எவ்வளவு? சொல்லமாட்டார்கள். கார் வைத்திருக்கிற தங்கை வந்து, நிஜமாகவே கழிப்பறை கழுவுகிறாயா என்று கேட்கும்போது, வசதியான குடும்பத்துப் பிள்ளை விரும்பி இறங்கி வந்தார் என்று நமக்குச் சமாதானம் கிடைத்துவிடுகிறது. விரும்பாமல் வந்தவர்கள்?

படத்தில் ஒரே ஓர் இடத்தில் அந்தக் கேள்வி எட்டிப் பார்க்கிறது. கூட வேலை பார்க்கிற பையன் திடீரென்று நின்றுவிடுவான். அவன் பங்கையும் சேர்த்து ராத்திரிவரை ஹிராயாமா ஓடி ஓடிக் கழுவுவார். வாயே திறக்காத மனுஷன் அன்றைக்கு ஆபீஸுக்குப் போன் போட்டுக் கத்துவார், தினமும் இப்படி முடியாது, ஆள் அனுப்புங்கள் என்று. என்னைக் கேட்டால் முழுப் படத்திலும் உயிருள்ள நிமிஷம் இதுதான். அப்புறம் மாற்றாக ஒரு பெண் வருகிறார். துறுதுறுவென்று வேலையை ஆரம்பிக்கிறார். காமிரா உடனே ஹிராயாமாவிடம் திரும்பிவிடுகிறது. வெண்டர்ஸ் அந்தப் பெண்ணோடு கொஞ்ச தூரம் போயிருக்கலாம்.