‘டிராமா’: தொடரப்படாத ஒரு வழி

யெஸ் என்னும் ஆங்கிலேய ராக் இசைக்குழு 1980 ஆகஸ்டில் வெளியிட்ட ‘டிராமா’ ஆல்பம், அக்குழுவின் ரசிகர்களிடையே நெடுங்காலம் மாற்றாந்தாய்ப் பிள்ளையாகவே நடத்தப்பட்டது. 1968இல் லண்டனில் குழுவைத் தொடங்கியவர்களுள் ஒருவரும், உயர்ந்த தெளிந்த குரலால் அதன் அடையாளமாகவே மாறியவருமான ஜான் ஆண்டர்சன் இதில் பாடவில்லை என்பதே அந்தப் புறக்கணிப்புக்குப் போதுமான காரணமாக இருந்தது. இன்றோ ரசிகர்களில் பலர் இதைக் குழுவின் முதல்தரப் படைப்புகளின் வரிசையில் வைக்கத் தயங்குவதில்லை. இந்த மறுமதிப்பீடு நியாயமானது. ஆனால் அதற்கு ஆதரவாக அடிக்கடி சொல்லப்படும் காரணம், அதாவது எழுபதுகளின் யெஸ்ஸையும் எண்பதுகளின் யெஸ்ஸையும் இணைக்கும் பாலம் இது என்னும் கருத்து, ஆல்பத்தின் உண்மையான சிறப்பைத் தொடாமலே போய்விடுகிறது.

நீண்ட பாடல்கள், அடிக்கடி மாறும் தாளக்கட்டு, மேலைச் செவ்வியல் இசையை ஒத்த கட்டமைப்பு ஆகியவற்றைக் கொண்ட ‘புரோக்ரெசிவ் ராக்’ என்னும் வகையின் முன்னோடிகளுள் ஒன்றான யெஸ், 1979இன் பிற்பகுதியில் பாரிஸில் தொடங்கிய ஒலிப்பதிவு கருத்து வேறுபாடுகளால் பாதியில் நின்றுபோன பின், ஆண்டர்சனையும் கீபோர்டு கலைஞர் ரிக் வேக்மனையும் இழந்தது. எஞ்சியவர்கள் பாஸ் கித்தார் வாசித்த கிரிஸ் ஸ்குவயர், கித்தார் கலைஞர் ஸ்டீவ் ஹவ், டிரம்ஸ் வாசித்த ஆலன் வைட் ஆகிய மூவர். அவர்களோடு வந்து சேர்ந்தவர்கள், 1979இல் ஒரே பாப் பாடலால் பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்திருந்த ‘தி பகிள்ஸ்’ இரட்டையரான டிரெவர் ஹார்னும் ஜெஃப் டவுன்ஸும். ஆல்பம் பிரிட்டனில் 2ஆம் இடத்தையும் அமெரிக்காவில் 18ஆம் இடத்தையும் எட்டியது என்பதால் விற்பனையில் அதைத் தோல்வி என்று சொல்வதற்கில்லை. மதிப்பில்தான் அது பின்தங்கியது.

ஆண்டர்சன் விட்டுச்சென்ற இடத்தை நிரப்பியது ஹார்னின் குரல் மட்டுமன்று என்பதை ஊன்றிக் கேட்பவர் விரைவில் உணர்வர். அதுவரை துணைக்குரலாக அடியில் ஒலித்துவந்த ஸ்குவயரின் குரல் இங்கே மேலெழுந்து, பல இடங்களில் ஹார்னின் குரலோடு சரிசமமாகப் பின்னிக்கொள்கிறது. எது முதற்குரல், எது துணை என்று பிரித்தறிய முடியாத அந்தக் கலவை, குழுவின் வேறெந்த ஆல்பத்திலும் இவ்வளவு தாராளமாகக் கிடைப்பதில்லை. குரலைவிடவும் முன்னே நிற்பது ஸ்குவயரின் பாஸ் கித்தார். ராக் இசையில் பொதுவாகக் கீழ்ச்சுரங்களைத் தந்து தாளத்தைத் தாங்கும் இக்கருவி, ‘டஸ் இட் ரியலி ஹேப்பன்?’ பாடலில் மெட்டையே முன்னின்று நடத்திச் செல்கிறது. பாடல் முடிந்துவிட்டதென்று கேட்பவர் எண்ணும் கணத்தில் பாஸ் மீண்டும் எழுந்து, தனி ஆவர்த்தனம் போலத் தன் போக்கில் விளையாடியபடியே மெல்லத் தேய்ந்து மறைகிறது. இறுதிப் பாடலான ‘டெம்பஸ் ஃப்யூஜிட்’டில் அதே கருவி, ஒலியைச் சுழன்று வருவதுபோல் மாற்றும் ‘ஃப்ளாஞ்சர்’ என்னும் மின்கருவியின் வழியாக அசுர வேகத்தில் பாய, வைட்டின் டிரம்ஸ் ஓர் இழையும் பிசகாமல் அதனோடு ஓட, ஹவ் வெட்டி வெட்டி வாசிக்கும் கித்தார் இடைவெளிகளை நிரப்புகிறது. தாளப் பிரிவு என்று அழைக்கப்படும் பாஸும் டிரம்ஸும் ஒரு ஆல்பத்தின் தலைமையை ஏற்றால் எப்படியிருக்கும் என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று அக்காலத்து ராக் இசையில் அரிது.

பத்து நிமிடங்களைத் தாண்டும் தொடக்கப் பாடலான ‘மெஷின் மெசையா’ இன்னொரு துணிவைக் காட்டுகிறது. ஒளியும் ஆன்மிக உவகையுமாக ஒலித்துப் பழகிய ஒரு குழு, கனத்த, இருண்ட, மெதுவான கித்தார் வரியோடு, ஏறத்தாழ ஹெவி மெட்டலின் எல்லையில் நின்று, இப்பாடலைத் தொடங்குகிறது; பின்னர் மின்னிணைப்பற்ற கித்தாரின் மென்மைக்கு இறங்கி, அங்கிருந்து கித்தாரும் கீபோர்டும் போட்டியிட்டு விரையும் பகுதிகளுக்கு ஏறுகிறது. இந்த ஏற்ற இறக்கங்களில் ஒட்டுப்போட்ட தடயமே தெரியாதது, புதிதாக ஒன்றுகூடிய ஐவர் சில மாதங்களில் எட்டிய இணக்கத்துக்கு அளவுகோல்.

ஆல்பத்தில் குறையில்லாமல் இல்லை. ‘ஒயிட் கார்’ ஒன்றரை நிமிடம்கூட நீடிக்காத துணுக்கு. ‘ரன் த்ரூ தி லைட்’ மற்றவற்றின் உயரத்தை எட்டவில்லை. மேடையில் நிலைமை இன்னும் கடினமாக இருந்தது. ஆண்டர்சனின் குரலுக்கென அமைந்த பழைய பாடல்களை அவருடைய உயரத்திலேயே இரவுதோறும் பாட நேர்ந்ததில் ஹார்னின் குரல் தளர்ந்தது. பலருடைய நினைவில் ஆல்பத்தின் மீது படிந்தது அந்தத் தளர்ச்சியே. பதிவறையில் அவர் பாடியதற்கும் அதற்கும் தொடர்பில்லை என்பதைப் பிரித்துப் பார்க்க ரசிகர்களுக்குக் காலம் தேவைப்பட்டது.

1981இல் குழு கலைந்தது. ஹவ்வும் டவுன்ஸும் ‘ஏஷியா’ குழுவை உருவாக்க, ஹார்ன் தயாரிப்பாளராகி, ஆண்டர்சன் திரும்பிவந்த 1983ஆம் ஆண்டின் ‘90125’ ஆல்பத்தைத் தயாரித்தார். இவ்விரண்டின் பெருவெற்றியைக் கொண்டே ‘டிராமா’ அவற்றுக்கான ஒத்திகையாகக் கருதப்பட்டது. ஆனால் ஏஷியாவின் கச்சிதமான வானொலிப் பாடல்களிலோ ‘90125’இன் பளபளப்பான ஒலியிலோ ‘டிராமா’வின் முரட்டு வேகமும் இருளும் இல்லை. அது திறந்த வழியில் அதைப் படைத்தவர்களே மேற்கொண்டு நடக்கவில்லை. அதனாலேயே இன்றும் அது வேறெதைப் போலவும் ஒலிப்பதில்லை.

2004இல் பாரிஸ் ஒலிப்பதிவின் பகுதிகளும் சேர்ந்து வெளியான மறுபதிப்பு, முன்னைய யெஸ்ஸுக்கும் இந்த யெஸ்ஸுக்கும் இடையிலான தூரத்தைக் காதாலேயே அளக்க வழிசெய்தது. ஆண்டர்சன் காலத்தில் ஒதுங்கியிருந்த இப்பாடல்கள் 2008 முதல் மேடைக்குத் திரும்பின. ஸ்குவயர் 2015இல் மறைந்த பின், 2016இல் ஆல்பம் முழுவதும் வரிசைமாறாமல் வாசிக்கப்பட்டது. ஆல்பத்தின் பிற்கால மேடைப்பதிவில் பாடும் ஜான் டேவிசனின் குரல் ஆண்டர்சனின் குரலுக்கு மிக அணுக்கமானது. எனினும் அந்த இனிமையான குரலில் ‘மெஷின் மெசையா’வின் கடுமை சற்றுக் கரைந்துவிடுகிறது. ஒரு காலத்தில் தகுதியற்றதென்று தள்ளப்பட்ட ஹார்னின் சொரசொரப்பான குரலையே அப்பாடல் கேட்கிறது.