கைக்கேற்ற பந்து

ரக்பி பந்தை ஏந்தியதும் விரல்கள் முதலில் உணர்வது அதன் மேலுள்ள சிறு சிறு புடைப்புகளை. மழையிலும் சேற்றிலும் பந்து நழுவாமல் கையில் நிற்பது அவற்றால்தான். எனக்குப் பந்தில் மிகப் பிடித்தவையும் அவையே.

இங்கிலாந்தின் ரக்பி ஊரில், 19ஆம் நூற்றாண்டில், வில்லியம் கில்பர்ட், ரிச்சர்ட் லிண்டன் என்ற செருப்புத் தொழிலாளர்கள் பள்ளி மாணவர்களுக்காகப் பந்து தைத்தார்கள். உள்ளே பன்றியின் சிறுநீர்ப்பை. அது ஊதிய அளவே பந்தின் அளவு. பிறகு லிண்டன் ரப்பர் பையைக் கொண்டுவந்தார், உருவம் சீரானது.

இன்று பெரியவர்களுக்கு 5ஆம் எண் பந்து: நீளம் 28 முதல் 30 சென்டிமீட்டர், எடை 410 முதல் 460 கிராம். பத்து வயதை ஒட்டியவர்களுக்கு 4ஆம் எண், அவர்களினும் சிறியவர்களுக்கு 3ஆம் எண். பள்ளிச் சீருடையை வளர்த்திக்கென்று பெரிதாகத் தைப்பதுபோல் பந்தைப் பெரிதாக வாங்கிவிடக் கூடாது. விரல்கள் விரிந்து பந்தைப் பற்றினால்தான் அதைச் சுழற்றிப் பக்கவாட்டில் எறிய முடியும். கைக்கு அடங்காத பந்தைப் பிள்ளை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடும். தோழனுக்குக் கொடுக்கப் பழகாது. அது பெரிய இழப்பு.

பயிற்சிக்குக் கெட்டியான ரப்பர் மேல்தோல் போதும், பல நாள் உழைக்கும். உதைப்பவரோ காற்றழுத்தத்தைத்தான் முதலில் பார்ப்பார். தளர்ந்த பந்து காலில் அமுங்கி, கோல் கம்பங்களை எட்டாமலே விழுந்துவிடும்.