அரை அங்குல மயில்

ஆரணிப் பக்கத்துப் பட்டுக் கடைகளின் பெயர்ப்பலகையில் கோபுரமோ மயிலோ லட்சுமியோ இருப்பது வழக்கம். பத்தடிப் பலகையில் அது கம்பீரமாகத்தான் நிற்கிறது. அதே லோகோவைச் சுருக்கிப் பெட்டியின் மூலையிலும், சேலையில் தைக்கும் லேபிளிலும், வாட்ஸ்அப் வட்டத்திலும் போட்டால் மயில் நீலக் கறையாகிவிடுகிறது.

தேவிகாபுரம் மாதிரி நெசவு ஊரில் இந்தத் தவறு நடக்கவே கூடாது. அளவுக்கேற்ற உருவம் என்ற பாடம் அங்கே தறியிலேயே இருக்கிறது. பாவு நூல்களைக் கொக்கிகளால் தூக்கி உருவம் நெய்ய உதவும் ஜக்கார்டுக்கான டிசைனைக் கட்டம் போட்ட தாளில் வரைவார்கள். பாவு நூலும் ஊடை நூலும் குறுக்கிடும் இடம்தான் ஒவ்வொரு கட்டமும். 240 கொக்கிக்கு வரைந்த மயில் 120 கொக்கிக்கு வேண்டுமென்றால் தாளைச் சுருக்கிப் பயனில்லை. மறுபடி வரைய வேண்டும். தோகைக் கண்கள் போய்விடும். கொண்டையும் கழுத்து வளைவும் நிற்கும். முந்தியில் வரும் பெரிய மயில் வேறு, உடலில் தெளித்த புட்டா மயில் வேறு. எதை விட்டாலும் மயில் மயிலாகவே இருக்கும் என்று அறிவதுதான் அந்தத் தொழிலின் நுட்பம்.

2006-இல் மத்திய அரசு கொண்டுவந்த கைத்தறி முத்திரை, சுருக்கினாலும் அடையாளம் நிற்கிறதா என்ற சோதனையில் பாதி தேறுகிறது. பாவும் ஊடையும் பின்னிக் கனசதுரமாகத் தெரியும் அதன் வடிவம் பொருளோடு ஒட்டியது, சிறிதானாலும் தாங்குகிறது. ஆனால் அடியில் உள்ள எழுத்தை எடுத்துவிட்டால் அது எதன் முத்திரை என்று வாங்குபவருக்குச் சட்டென்று விளங்காது. 1964-இல் வந்த கம்பளிக்கான வுல்மார்க், ஒரு சொல்லும் இல்லாமலே சட்டைக் கழுத்தில் தன்னைக் காட்டிக்கொள்கிறது.

எழுத்து என்றால் தமிழுக்குத் தனிச் சிக்கல் உண்டு. ‘பட்டு’ என்ற சொல் நிற்பதே ஒரு புள்ளியின் மேல். லேபிள் சிறிதானால் முதலில் மறைவது அந்தப் புள்ளிதான். ஓலைச்சுவடியில் புள்ளியில்லாமலே படித்தார்கள் என்பது உண்மை. ஆனால் அவர்கள் முழு வரியையும் படித்துப் பொருள் கண்டவர்கள். கடைப்பெயருக்கு முன்பின் வரி கிடையாது. ஆகவே சிறிய லோகோவில் புள்ளியைப் பெரிதாக்கி, சுழிகளின் உள்வெளியை அகட்டி, எழுத்தையே திருத்தி வரைய வேண்டும்.

எளிமையாக்குவதிலும் ஆபத்து இருக்கிறது. எல்லாரும் விவரத்தைக் களைந்தால் எல்லாக் கடையும் ஒரே தாமரை மொட்டாகிவிடும். பெரிதுக்கும் சிறிதுக்கும் உறவு தெரியாமல் வரைந்தாலோ ஒரே கடை இரண்டு கடையாகத் தெரியும். எளிய குறியைப் போலி செய்வது சுலபம் என்பார்கள். அந்தக் கவலை நியாயமானது. ஆனால் போலியைத் தடுக்கும் வேலையை லோகோவின் மேல் சுமத்துவது தவறு. தூய பட்டுக்கு 2004 முதல் வழங்கப்படும் சில்க் மார்க் லேபிளில் அதற்கென்று ஹாலோகிராமும் தனி எண்ணும் இருக்கின்றன. லோகோவின் வேலை அடையாளம் சொல்வது மட்டுமே.

கடை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். லோகோ வரைபவரிடம் பலகை அளவுப் படத்தை முதலில் கேட்காதீர்கள். அரை அங்குலத்தில், ஒரே நிறத்தில் அச்சிட்டுத் தரச் சொல்லுங்கள். அதைக் கைநீட்டும் தூரத்தில் பிடித்துப் பாருங்கள். மயில் தெரிந்து, ‘பட்டு’வின் புள்ளியும் தெரிந்தால் மட்டும் பணம் கொடுங்கள்.